கோணல் ஹாலில் ஐந்து ஸ்பீக்கர்!

ஹோம் தியேட்டர் வாங்கினால் பெட்டிக்குள் படம் போட்ட புத்தகம் ஒன்று வரும். அதில் ஒரு செவ்வக அறை. ஒரு சுவரில் டி.வி. எதிரே நட்டநடுவில் ஒரு சோபா. சுற்றிலும் கோலப்புள்ளி மாதிரி அளவெடுத்து வைத்த ஐந்து ஸ்பீக்கர்கள். சோபாவில் ஒரே ஒரு மனிதர். அவருக்கு மனைவி கிடையாது, மாமியார் கிடையாது, ஷூ ராக் கிடையாது, நாற்காலி முதுகில் காயப்போட்ட துண்டு கிடையாது. அறைக்கு வாசல்கூடக் கிடையாது. உள்ளே எப்படிப் போனார் என்பது அவருக்கே வெளிச்சம்.

நம் ஊர் அபார்ட்மெண்ட் ஹால் இந்த ரகம் இல்லை. இரண்டு பெட்ரூம், ஒரு கிச்சன், இரண்டு பாத்ரூம் எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகு, பில்டர் கையில் மிச்சம் விழுந்த துண்டு இடத்துக்குப் பெயர்தான் ஹால்!

சென்னையில் எங்கள் ஹால் 18 அடி நீளம், 11 அடி அகலம். கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். இடது கோடியில் சுவரே இல்லை. அப்படியே திரும்பி டைனிங்கில் போய்ச் சேரும். மொத்தத்தில் தமிழ் ‘ட’ எழுத்து. வலது கோடியில் சுவருக்குப் பதில் பால்கனியின் கண்ணாடிக் கதவு. முன்சுவரில் ஒரு முனையில் வாசல் கதவு, மறுமுனையில் பெட்ரூம் கதவு. நடுவில் ஏழரை அடிச் சுவர் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. டி.வி. அங்கேதான். எதிர்ச்சுவர் முழுசாக இருக்கிறது. ஆனால் அதன் இடது முனையில் ஒரு கான்க்ரீட் தூண், கூப்பிடாத விருந்தாளி மாதிரி, முக்கால் அடி உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த ஹாலுக்கு எதற்கு ஐந்து ஸ்பீக்கர் என்று கேட்பீர்கள். அம்மாவுக்காக.

அம்மாவுக்கு 76 வயது. ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்தால் கதை, வசனம், யார் எந்த இடத்தில் இருமினார்கள் என்பது வரை அப்படியே ஒப்பிப்பாள். அவள் நாலைந்து வருஷமாக டி.வி. வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனாள். இருபது முப்பதாயிற்று, முப்பது நாற்பத்தைந்தாயிற்று. கீழ் வீட்டு மாமா லிஃப்டில் பார்த்தால், “நேத்து கிளைமாக்ஸ் நல்லா இருந்தது ஸார்!” என்று பண்போடு சொல்ல ஆரம்பித்தார். அம்மாவோ, “சத்தம் கேக்குதுடா. என்ன பேசறாங்கன்னுதான் புரியலை” என்றாள்.

அப்புறம் ஒருநாள், “நீங்க பாருங்க, எனக்குத் தூக்கம் வருது” என்று எழுந்து உள்ளே போனாள். மறுநாளும் போனாள். மணி ஏழரை. ஏழரைக்கு யாருக்குத் தூக்கம் வரும்? வீட்டில் ஒருத்தர் சண்டை போடாமலே ஹாலை விட்டு வெளிநடப்பு செய்துகொண்டிருந்தார். எனக்கு அதுதான் உறுத்தியது.

சத்தம் வேறு... சொல் வேறு!

முதலில் அம்மாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். ஸ்பீக்கர் கடைக்கு முன்னால் போகவேண்டிய இடம் அதுதான். சோதித்துவிட்டு ஒரு கிராஃப் கொடுத்தார்கள். இடப்பக்கம் சமதரையாகப் போகும் கோடு, வலப்பக்கம் போகப் போக மலைச்சரிவு மாதிரி இறங்கியது. வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளைத்தான்.

பேச்சில் உயிரெழுத்துக்களின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. அது அம்மாவுக்குக் கேட்கிறது. மெய்யெழுத்துக்களின் அடையாளம், அந்த ‘ச்’, ‘த்’, ‘ப்’ எல்லாம், மெல்லிசாக உயர்ந்த சுருதிகளில் வருகிறது. அது விட்டுப் போகிறது. கடை, சடை, தடை, படை, வடை ஐந்தையும் சொல்லிப் பாருங்கள். பின்பாதி ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க முதல் மெய்யில். அது நழுவினால் ஐந்துமே ‘அடை’! சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்று அம்மா சொன்னது டாக்டர் சொல்வதைவிடத் துல்லியம்.

காதுக்குக் கருவி வந்தது. ஹால் மட்டும் ஒத்துழைக்கவில்லை. இன்றைய ஒல்லி டி.வி.க்களில் முன்பக்கம் ஸ்பீக்கருக்கு இடமே கிடையாது. பெரும்பாலானவற்றில் அது அடிப்பக்கமோ முதுகுப்பக்கமோ பார்த்துப் பேசும். வசனம் சுவரிலும் டி.வி. மேஜையிலும் முட்டி மோதித்தான் நம்மிடம் வருகிறது. தரையெல்லாம் டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி. சொல் ஒன்று வந்து சேருவதற்குள் முந்தின சொல்லின் எதிரொலி குறுக்கே நிற்கும். தலைக்கு மேல் ஐந்தில் சுற்றும் ஃபேன், ‘உஸ்’ என்று மிச்சமிருக்கும் ‘ச’வையும் விழுங்கிவிடும். வால்யூமைக் கூட்டினால் வசனத்தோடு பின்னணி இசையும் எதிரொலியும் சேர்ந்துதான் கூடும். கீழ் வீட்டு மாமாவுக்குத்தான் லாபம்.

ஆக, நமக்கு வேண்டியது சத்தம் அல்ல, தெளிவு.

பன்னிரண்டு வேண்டாம் தம்பி!

விஷயம் கேள்விப்பட்டு மச்சினன் வந்து சேர்ந்தான். “மாமா, 5.1 எல்லாம் பழசு. 7.1.4 போட்டுடலாம்.”

கூட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு.

“கல்யாண மண்டபமாடா நடத்தப்போறோம்?” என்றாள் அவன் அக்கா.

இந்த நம்பர் கணக்கு சுலபம். முதல் எண், காது மட்டத்தில் நம்மைச் சுற்றி நிற்கும் ஸ்பீக்கர்கள். நடு எண், அடித்தொனியை மட்டும் கவனிக்கும் சப்-ஊஃபர். மூன்றாவது, கூரையிலிருந்து வரும் ஒலி. 2012-ல் டால்பி அட்மாஸ் சினிமாவுக்கு வந்தது. அது வீட்டுக்கும் வந்தபோது இந்த மூன்றாவது எண்ணும் கூடவே வந்தது. ஹெலிகாப்டர் நிஜமாகவே தலைக்கு மேல் பறக்கும். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் ஏற்கெனவே ஃபேன் பறக்கிறது. ஐந்தோடு நிறுத்திக்கொண்டோம்.

ஐந்திலும் எங்களுக்கு வேண்டியது நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர்தான். சினிமாவில் வசனத்தின் பெரும்பகுதியை அதில்தான் கொடுப்பார்கள். இது புது யோசனை இல்லை. 1940-ல் டிஸ்னியின் ‘ஃபேண்டேஸியா’வுக்கே திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று மூன்று ஸ்பீக்கர்கள் வைத்துவிட்டார்கள்.

இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் குரல் நடுவிலிருந்து வருவது போல ஒரு பிரமை உண்டாகும். நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் அந்தப் பிரமை. ஓரத்து ஸீட்காரருக்குப் பக்கத்து ஸ்பீக்கர்தான் பேசும். தூரத்து ஸ்பீக்கர் கொஞ்சம் தாமதமாக வந்து குழப்பும். அம்மாவோ நிரந்தர ஓரத்து ஸீட். பால்கனி ஓரமாக, டி.வி.க்கு நேர்கோட்டிலிருந்து ஐந்தடி வலப்பக்கம் தள்ளி அவளுடைய பிரம்பு நாற்காலி. காற்று வரும், காலை நீட்டலாம், தெருவையும் பார்க்கலாம்.

“அந்த நாற்காலியை நடுவுல போட்டுட்டா வேலை முடிஞ்சது மாமா.”

“நீயே போய் அத்தைகிட்ட சொல்லேன்” என்றாள் அக்கா. தம்பி போகவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு டிக்டேஷன்

ஒரு சனிக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனோம். ஸ்பீக்கர் கடைகளில் ஒரு வழக்கம். உள்ளே நுழைந்ததும் ஏதாவது ஒரு கட்டடத்தை வெடித்துக் காட்டுவார்கள். “எப்படி ஸார்?” என்பார்கள். நாம் மார்பைப் பிடித்துக்கொண்டு, “பிரமாதம்” என்போம். ஒரு கடைப் பையன் பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டி, “ஐயாயிரம் வாட்ஸ் ஸார்!” என்றான். என்ன வாட்ஸ் என்று கேட்டேன். பி.எம்.பி.ஓ. என்றான்.

பி.எம்.பி.ஓ. என்பது ஜாதகத்தில் ராஜயோகம் மாதிரி. இருக்கும், அனுபவிக்க முடியாது. அதை அளக்கப் பொதுவான விதி எதுவும் கிடையாது. பெட்டியில் அச்சடிக்கும் இடத்தைப் பொறுத்து எண் வளரும். நீங்கள் பார்க்கவேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எங்கள் ஹால் மாதிரி இடத்துக்கு சானலுக்கு ஐம்பது நல்ல வாட்ஸ் தாராளம்.

வெடிக்க வேண்டாம், பேசினால் போதும் என்றேன். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார். என் பெண் தன் போனில் கடை, சடை, தடை, படை, வடை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பதிவுசெய்து வைத்திருந்தாள். அம்மாவை நேரே உட்கார வைக்காமல், வீட்டில் போலவே ஐந்தடி ஓரமாக உட்கார வைத்தோம். சத்தத்தை எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே அளவில் வைக்கச் சொன்னோம். இது முக்கியம். சத்தம் கொஞ்சம் கூடுதலான ஸ்பீக்கர் எப்போதுமே நல்ல ஸ்பீக்கர் மாதிரி வேஷம் போடும்.

முதல் ஸ்பீக்கர் அழகாகப் படுத்திருந்தது. நடுவில் சின்ன ட்வீட்டர், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு பெரிய கோன்கள். நேரே நின்ற எனக்குப் பளிச்சென்று கேட்டது. அம்மாவோ படையைக் கடை என்றாள், சடையைத் தடை என்றாள். காரணம் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு கோன்களும் ஒரே சொல்லைச் சொல்லும்போது, ஓரத்தில் இருப்பவருக்கு ஒன்றின் ஒலி முன்னாலும் மற்றதன் ஒலி பின்னாலும் வந்து, சில சுருதிகள் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

அடுத்ததில் இரண்டு கோன்களுக்கு நடுவே ஒரு சின்னக் கோன், அதன் தலைமேல் ட்வீட்டர். பேச்சை அந்த நடு ஜோடியே கவனித்துக்கொள்ளும். ஓரத்துக்கும் குரல் அவ்வளவாக மாறாது. இதில் பத்துச் சொல்லில் எட்டு சரியாக வந்தது. வடை மட்டும் எந்த ஸ்பீக்கரிலும் தப்பவே இல்லை!

பட்ஜெட்டில் பெரும்பங்கு அந்த சென்டருக்கே போயிற்று. அதே வரிசையில் முன்பக்கத்துக்கு இரண்டு. குரல் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்போது ஆள் மாறக் கூடாதல்லவா? பின்பக்கத்துக்குச் சின்னதாக இரண்டு, அளவான ஒரு சப்-ஊஃபர்.

இன்ச் டேப், கைக்கண்ணாடி, ஜமக்காளம்

ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பம். முன் ஸ்பீக்கர் இரண்டும் நடு சோபாக்காரருக்குத் தலா 22 முதல் 30 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஏழரை அடிச் சுவரில் ஆறரை அடி இடைவெளிதான் கிடைத்தது. சோபா சுவரை ஒட்டிக் கிடந்தது. காதுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒன்பது அடி. கணக்குப் போட்டால் 20 டிகிரிதான் வந்தது. சுவரை இழுக்க முடியாது. சோபாவை ஒன்றரை அடி முன்னால் இழுத்தோம். 23 டிகிரி! சுவர் ஓரத்தில் திரளும் அடித்தொனியிலிருந்தும் தலை தப்பியது. “இனிமே சோபாவுக்குப் பின்னால பெருக்கலாம்” என்று மனைவியும் ஓட்டுப் போட்டாள்.

சென்டர் ஸ்பீக்கரை டி.வி. மேஜையின் தட்டுக்குள் குகைச் சாமி மாதிரி உள்ளே தள்ளி வைப்பவர்கள் உண்டு. தட்டின் மேலும் கீழும் பட்டுக் குரல் குடத்துக்குள் பேசுவது போலாகும். விளிம்பு வரை முன்னால் கொண்டுவந்து, அடியில் ஒரு ரப்பர் கதவுக்கட்டையைச் சொருகி, முகத்தைக் காதுப் பக்கம் லேசாக நிமிர்த்தினோம். மகள் அதைப் பாட்டியின் பக்கம் இரண்டு விரற்கடை திருப்பினாள். இரண்டு விரற்கடைக்கும் பலன் இருந்தது.

பின் ஸ்பீக்கர்கள் பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி, காதுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். 110 முதல் 120 டிகிரி. இடப்பக்கம் சுவர் இல்லையே? அங்கேதான் எல்லோரும் திட்டிய தூண் கைகொடுத்தது. தூணை ஒட்டி யாரும் நடப்பதில்லை. அங்கே ஸ்டாண்டில் ஒன்று. தூணிலேயே மாட்டலாம் என்றார் எலெக்ட்ரீஷியன். கான்க்ரீட் தூணில் ட்ரில் போடுவது நல்லதில்லை, உள்ளே கம்பி இருக்கிறது என்று தடுத்துவிட்டேன். அதே தூரத்தில் வலப்பக்கம் சுவரில் இன்னொன்று. “வயர்லெஸ் வாங்கியிருக்கலாமே மாமா?” என்றான் மச்சினன். வயர்லெஸ் ஸ்பீக்கருக்கும் பெரும்பாலும் கரண்ட் வயர் வேண்டும் தம்பி! தூண் பக்கம் பிளக் பாயிண்ட் கிடையாது. வயரைச் சுவரோரமாக கேஸிங்கில் ஓட்டினோம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்றில் மாறிப்போனால் அடித்தொனி காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது.

சப்-ஊஃபருக்கு இடம் பார்க்கும் முறை கொஞ்சம் வெட்கக்கேடானது. அதைத் தூக்கி சோபாவில் நாம் உட்காரும் இடத்தில் வைத்து, ஒரே சீராக அடித்தொனி வரும் பாட்டைப் போட்டுவிட்டு, நாம் ஹாலைச் சுற்றித் தவழ வேண்டும். எங்கே அடித்தொனி கொழகொழவென்று இல்லாமல் திட்டமாகக் கேட்கிறதோ, அங்கே அதை வைத்துவிடலாம். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஒன்றுக்குச் சுமார் 14 அடி நீளம். அது இங்கே குவியும், அங்கே கரையும். திசை தெரியாது என்பதால் எங்கே வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தவழ்ந்துகொண்டிருந்தபோது அம்மா வந்தாள். “என்னடா தொலைச்சே?” என்று அவளும் தேட ஆரம்பித்தாள்.

மூலையில் இடி முழங்கியது, வேண்டாம். சோபாவுக்குப் பின்னால் சரியாக இருந்தது. காதுக்குக் கிட்டே இருப்பதால் சத்தமும் குறைவாக வைத்தால் போதும். அடியில் தடித்த ரப்பர் பலகை. அதிர்வு தளத்தில் இறங்குவது குறையும். பெருக்குவதற்குக் கிடைத்த ஒன்றரை அடியில் ஒரு பங்கு இப்படிப் போனதில் மனைவி ஓட்டை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

கடைசியாக எதிரொலி. கைதட்டினால் ‘டங்’ என்று வால் நீண்டது. டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவே கனமான ஜமக்காளம் விரித்தோம். அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, மகளை ஒரு கைக்கண்ணாடியோடு பால்கனிக் கதவு ஓரமாக நடக்கச் சொன்னேன். கண்ணாடியில் எந்த இடத்தில் சென்டர் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் குரல் எதிரொலித்து வருகிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்குத் தடித்த ஸ்கிரீன்.

“ஸ்கிரீன் போட்டா காத்து?” என்றாள் அம்மா.

நியாயமான கேள்வி. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஒரு லெக்சர் ஹாலில் பேச்சே புரியவில்லை என்று வாலஸ் சாபின் என்ற இளம் பேராசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்துத் தியேட்டரிலிருந்து ஸீட் குஷன்களைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். ஒரு பொருள் ஒலியை எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கு அவர் பிடித்த அளவுகோல் என்ன தெரியுமா? திறந்த ஜன்னல்! அதன் வழியே போன ஒலி திரும்பி வருவதில்லை. ஆகவே கதவைத் திறந்து வை, தெருவில் சத்தம் வந்தால் மட்டும் மூடி ஸ்கிரீனை இழு என்று தீர்ப்பு. ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கினோம். காசு செலவில்லாத முன்னேற்றம் அது.

ரிசீவரோடு வந்த குட்டி மைக்கை அம்மாவின் காது உயரத்திலும் வைத்து அளந்தோம். தூரங்களை அதுவே கணக்குப் போட்டுக்கொண்டது. பிறகு சென்டரை மட்டும் கையால் 3 டெசிபல் கூட்டினேன். ராத்திரிக்கு ‘நைட் மோட்’. கிசுகிசுப்புக்கும் வெடிகுண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அது குறைத்துவிடும்.

வாடகை வீடா?

ஆணி அடிக்க முடியாதவர்கள் மனசு விடவேண்டாம். நடுவில் தனி சென்டர் உள்ள, 3.1 என்று போட்ட சவுண்ட் பார் போதும். சுவரில் ஒலியை மோதவிட்டுப் பின்பக்கம் கொண்டுவரும் ரகம் எங்கள் மாதிரி பக்கச்சுவர் இல்லாத ஹாலுக்கு ஒத்துவராது. சோபாவை நகர்த்த முடியாவிட்டால், முதுகுச் சுவரில் புத்தக அலமாரியாவது தடித்த துணியாவது இருக்கட்டும். நவராத்திரிக்குக் கொலுப்படி எங்கே வரும் என்பதை இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒன்பது நாளும் செட்டியாரம்மா பொம்மைதான் சென்டர் ஸ்பீக்கர்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் ஹாலில் யாருக்குக் கேட்கவில்லை என்று விசாரியுங்கள். நன்றாகக் கேட்கிறவருக்காக ஸ்பீக்கர் வாங்கினால் அது வேடிக்கை. கேட்காதவர் உட்காரும் இடத்திலிருந்து ஆரம்பித்தால், நடுவில் இருப்பவருக்கும் நன்றாகவே இருக்கும்.

ஒரு வாரம் கழித்துக் கீழ் வீட்டு மாமா லிஃப்டில் கேட்டார்: “என்ன ஸார், சத்தத்தையே காணோம்? ஊருக்குப் போயிருந்தீங்களா?”

அம்மா இப்போது ஏழரைக்குத் தூங்கப் போவதில்லை. பத்து மணிவரை பிரம்பு நாற்காலியை விட்டு அசைவதில்லை. முந்தாநாள் ஒரு சீரியல் முடிந்ததும், “இப்ப வசனம் எப்படிம்மா?” என்று கேட்டேன்.

“ஒரு எழுத்து விடாம கேக்குதுடா” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வசனம்தான் நல்லா இல்லை” என்றாள்.